கை கனம்

மெஷின் நல்ல பிஸ்கட்டையெல்லாம் உடைசல் தொட்டியில் தள்ளுகிறது என்று தெரிய வந்த அன்று, பேக்கிங் கூடத்தில் மிச்சமிருந்த நாலு பெண்களும் சிரித்தார்கள். முகமூடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. தோள் மட்டும்தான் குலுங்கியது. கேட்டால் இருமல் என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரையும்விட அதிகமாக இருமியவள் இடக்கையக்கா.

அந்த மெஷின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம். அது பெல்ட்டுக்கு மேலே சின்னதாக, கறுப்பாக, ஒற்றைக் கண்ணோடு தொங்கியது. அதன் பக்கத்தில் ஒரு காற்றுக் குழாய். கெட்ட பிஸ்கட் வந்தால் 'உஸ்' என்று ஊதித் தொட்டியில் தள்ளிவிடும். இந்த 'உஸ்'ஸுக்காகத்தான் போன மாதம் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை ஒரு ஊதல் பார்க்கிறதாம். அடுப்பூதின பெண்களுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இடக்கையக்கா அந்தப் பெல்ட்டில் பதினேழு வருஷமாக நிற்கிறாள். அடுப்பிலிருந்து எட்டு வரிசையாகப் பிஸ்கட் சுடச்சுட வரும், ஆறிக்கொண்டே கூடத்துக்குள் நுழையும். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். கருகினது, உப்பினது, மூலை உடைந்தது, எல்லாவற்றையும் ஓடுகிற ஓட்டத்திலேயே தட்டி வெளியே தள்ள வேண்டும். கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விடும். சேர்ந்த புதிதில் வலது கையால்தான் வேலை பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்த மேஸ்திரி கறாராகச் சொன்னார். மதியத்துக்குள் பாதி உடைசல் அவளைத் தாண்டிப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. "தாயே, உன் பீச்சாங்கையே தேவலை, அதாலயே பண்ணு" என்று கும்பிடு போட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. வீட்டுக்குப் போனால் கால் வீங்கிச் செருப்பு பத்தாது. தலையில் வெனிலா வாசனை போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைகள் அவள் முந்தானையை மோந்து பார்க்கும். அவளோ பிஸ்கட்டை வாயில் வைத்துப் பத்து வருஷம் ஆகிறது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. 'உடைஞ்சது உங்களுது' என்று பழைய முதலாளி எப்போதோ சொல்லிவிட்டுப் போனார். கடைசி ஒரு மணி நேரத்தில் விழுகிற உடைசலை ஆளுக்கு ஒரு கவரில் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எல்லா நாளும் பிஸ்கட் தானாக உடைந்து கொடுக்குமா? யாரோ ஒருத்தி வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, யாரோ ஒருத்தி புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், யாரோ ஒருத்தி பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பெல்ட்டில் யாராவது மெதுவாகச் சொல்வார்கள்: "இன்னிக்குக் கை கனமா இருக்குடி."

அவ்வளவுதான். நாலேகாலுக்கு மேல் பன்னிரண்டு பேர் கையும் கனத்துவிடும். ஓடுகிற பிஸ்கட்டைத் தள்ளும்போது கட்டை விரல் கொஞ்சம் அழுத்தமாகப் படும், மூலை விட்டுப்போகும். அன்றைக்கு எல்லாக் கவரும் ஒரே வீட்டுக்குப் போகும். யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை, யாரும் நன்றி சொன்னதும் இல்லை.

நன்றி சொல்கிற வேலையெல்லாம் ஷிஃப்ட் மேனேஜருடையது. ஆலையைப் பெரிய கம்பெனி வாங்கினபோது கூடவே வந்தவர். திட்டினாலும் நன்றி, சம்பளம் பிடித்தாலும் நன்றி. எட்டுப் பேரை அனுப்பின அன்றும், "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி" என்றார். அதனால் அவருக்கு 'நன்றி சார்' என்று பெயர்.

சிரித்து இரண்டு நாள் ஆவதற்குள் நன்றி சார் இடக்கையக்காவைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா."

அந்த அறையில் பதினேழு வருஷத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று புரிந்தது. நின்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மடியில் கம்ப்யூட்டரோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மெஷினை மாட்டின கம்பெனிக்காரி. கூடத்தில் அவளைக் கேமராப் பொண்ணு என்பார்கள்.

"அக்கா, இந்த மெஷினுக்கு யாரும் எதையும் சொல்லித் தரதில்ல," என்றாள் அவள். "பாத்துப் பாத்துத் தானா கத்துக்கும். மூணு மாசம் உங்க கையையெல்லாம் பாத்துச்சு. நீங்க தள்ளினது கெட்டது, விட்டது நல்லது. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எங்க கையைப் பாக்குதுன்னு யாரும் சொல்லலையே. தீப்பிடிச்சாப் பாக்கறதுக்குன்னுதானே சொன்னாங்க."

"அதுக்கும்தான்," என்றார் நன்றி சார்.

"காலைல எல்லாம் சரியா இருக்குக்கா," கேமராப் பொண்ணு தொடர்ந்தாள். "நாலேகாலுக்கு மேற்கு ஜன்னல் வெயில் பெல்ட் மேல விழுது பாருங்க, அந்த வெளிச்சம் வந்ததும் நல்ல பிஸ்கட்டை அள்ளி அள்ளித் தள்ளுது. அந்த வெயில்ல நல்லதும் கெட்டதுதான்னு எங்கிருந்தோ கத்துக்கிட்டிருக்கு."

இடக்கையக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பாவி மெஷின். வேலையைக் கத்துக்கொள் என்றால் கை கனத்தையும் சேர்த்துக் கத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"சாயங்காலம் ஆனா மெஷினுக்குத் தர்ம சிந்தனை வந்துடுது," என்றார் நன்றி சார். சிரிக்கவில்லை. "ஹெட் ஆபீஸ்ல யார் பண்ணதுன்னு கேக்கறாங்க. நீங்க நல்ல வேலைக்காரி. நீங்க இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. போன எட்டுப் பேரும்தான் இப்படிப் பண்ணாங்க, என் கண்ணால பாத்தேன்னு எழுதிக் கொடுங்க. ஃபைலை மூடிடலாம்."

"அவங்களுக்கு என்ன ஆகும்?"

"அவங்கதான் போயிட்டாங்களேம்மா."

"கணக்கு முடிச்சு வரவேண்டிய பணம் இன்னும் வரலையே அவங்களுக்கு."

அவர் பேனாவை உருட்டினார். "திருட்டுன்னு ஆயிட்டா அது வராது."

"நான் எழுதலைன்னா?"

"யாரோ ஒருத்தர் பேர் வேணும்மா. வீடியோல முகமே இல்ல, வெறும் கைதான். எல்லாம் ஒரே நீலக் கையுறை. அதுல அடையாளம் தெரியற கை ஒண்ணே ஒண்ணு." அவள் இடது கையைப் பார்த்தார். அவள் அதைத் தன்னையறியாமல் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை காலைல சொல்லுங்க. நன்றி."

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வீட்டில் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் வீட்டில் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கருத்து தயாராக இருக்கும். புருஷன் இருபது வருஷம் வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிற கடையில் உட்கார்ந்திருந்தவர். எல்லோரும் போனிலேயே டிக்கெட் போட ஆரம்பித்ததும் கடையை மூடினார்கள். இப்போது முதுகில் ஒரு பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறார். வேலைதான் போனது, உட்கார்ந்து பேசுகிற பழக்கம் போகவில்லை.

"டெக்னாலஜிங்கறது ரோடு ரோலர் மாதிரி," என்றார். "முன்னாடி நின்னா நசுக்கும். பின்னாடி போனா வழவழன்னு ரோடு."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"நான் அடியில இருந்துதான் பேசறேன். அனுபவஸ்தன் சொல்றேன், கேளு. எழுதிக் கொடுத்துடு. அவளுங்க போனவளுங்க. நீ இருக்கறவ. எனக்கு வேலை போனப்ப எவன் வந்து எனக்காகப் பேசினான்? பக்கத்து சீட்டுக்காரனே என் நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அந்த நாற்காலியை இன்னும் மறக்கலையா நீங்க?"

"நல்ல நாற்காலிடி அது."

மகள் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். இவர்கள் அவளைச் சேர்த்தபோது, அந்தப் படிப்பு முடிக்கிறவர்களைக் கம்பெனிக்காரர்கள் கல்லூரி வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த வருஷம் வாசலில் செக்யூரிட்டியைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கோபம் முழுக்க அவள் சாப்பாட்டைப் பிசைகிற பிசைவில் தெரிந்தது.

"ஒண்ணும் எழுதாதம்மா. மூணு மாசம் உன் கையை ஓசில எடுத்துக்கிட்டிருக்காங்க. நியாயமாப் பாத்தா அவங்க உனக்கு வாத்தியார் சம்பளம் தரணும். கேக்காம எடுத்துட்டுப் போனவன் திருடனா, நீ திருடியா?"

"அப்படிக் கேளு," என்றார் அப்பா, தான் இரண்டு நிமிஷம் முன்னால் சொன்னதை மறந்து.

இடக்கையக்காவுக்கு மகள் பேச்சு குளுகுளுவென்று இருந்தது. "போன வருஷம் நீ ஒரு பரிசு வாங்கினியே, கேமரா வச்சுத் தக்காளி பாக்கறது. அதுவும் இப்படித்தானா?"

மகள் பிசைவதை நிறுத்தினாள். "ம்."

"அது யாரைப் பாத்துக் கத்துக்கிச்சு?"

"மார்க்கெட்ல ஒரு அம்மா. அழுகினது வேற, நல்லது வேறன்னு பிரிச்சுட்டு இருந்தாங்க. ரெண்டு நாள் போன்ல எடுத்தேன்."

"எதுக்குன்னு சொன்னியா அவங்ககிட்ட?"

"போட்டோ எடுக்கறேன்னு நினைச்சு, தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்து உக்காந்தாங்கம்மா," என்றாள் மகள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குண்டூசி வந்தாள். எட்டுப் பேரில் ஒருத்தி. உடம்பும் அப்படி, வாயும் அப்படி. பெல்ட்டில் பதினோரு வருஷம் இடக்கையக்காவுக்கு எதிரே நின்றவள். வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எழுதிக் கொடுக்கப் போறியாமே அக்கா."

"யார் சொன்னா?"

"பேக்கிங் கூடத்துல ரகசியம் எத்தனை நாள் தங்கியிருக்கு? நீயே சொல்லு, எழுதப் போறியா?"

"உள்ள வா. டீ போடறேன்."

"டீ குடிச்சுட்டா திட்ட முடியாது. வெளியவே நிக்கறேன்." அவள் குரல் உயர்ந்தது. "என் புருஷன் ஆஸ்பத்திரில கிடந்தப்ப யார் கை கனத்துச்சு? உன் கைதான் முதல்ல கனத்துச்சு. ஒம்பது நாள். பன்னெண்டு கவரைத் தூக்கிட்டு நடக்க முடியாம நடந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல பாதியை வித்துதான் மருந்து வாங்கினேன். இன்னிக்கு அதே கையால நான் திருடின்னு எழுதுவியா?"

"நான் எழுதறேன்னு சொன்னேனாடி?"

"எழுதலைன்னும் சொல்லலையே!"

அதுதான் உண்மை. மூன்று நாளாக அவள் சொல்லவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு தவணை கட்ட வேண்டும், புருஷன் பைக்குக்கு டயர் தேய்ந்துவிட்டது, அவளுக்கு நாற்பத்தெட்டு வயசு. பிஸ்கட்டைத் தள்ளத் தெரியும் என்று எந்த வாசலில் போய் நிற்பது? அப்படி நினைத்ததே குண்டூசிக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"உனக்கென்ன, நீ போயிட்ட! இருக்கறவளுக்குத்தான் தெரியும். அந்தக் கருமத்துக்கு அடியில நாலு பேர் நாய் மாதிரி நிக்கறோம். அது தள்ளினதைப் பொறுக்கறோம். பாத்ரூம் போனா அதுக்கும் நேரம் எழுதறான். நான் இருக்கறது சுகம்னு நினைச்சியா?"

"அப்ப எதுக்கு இருக்கணும்னு துடிக்கற?"

"சோறு திங்கணும்ல?"

"அதுக்குத்தானே நானும் அந்தப் பணத்துக்குக் காத்துட்டிருக்கேன்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது. குண்டூசி அந்தப் பக்கம் திரும்பி, "சத்தம் சரியாக் கேக்குதா, இல்ல இன்னும் பக்கத்துல வரட்டுமா?" என்றாள். ஜன்னல் மூடியது. இடக்கையக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். குண்டூசிக்கும் வந்தது, அவளும் அடக்கிக்கொண்டாள். சிரித்திருந்தால் சரியாகப் போயிருக்கும். சிரிக்கவில்லை. குண்டூசி அப்படியே திரும்பிப் போனாள், டீ குடிக்காமல்.

திங்கட்கிழமை காலை நன்றி சார் அறையில் காகிதம் தயாராக இருந்தது. எட்டு வரியில் எட்டுப் பெயர் டைப் அடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனா பாக்காததைப் பாத்தேன்னு எப்படி எழுதறது? அந்த வீடியோவை முதல்ல காட்டுங்க."

நன்றி சாருக்கு அது நியாயமாகப் பட்டது. சாட்சி வலுவாகும் அல்லவா. கேமராப் பொண்ணிடம் தலையசைத்தார்.

திரையில் பெல்ட் ஓடியது. மேலேயிருந்து பார்த்தால் அது வேறு ஊர் மாதிரி இருந்தது. மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்திருக்கிறது. இரண்டு ஓரத்திலிருந்தும் நீலக் கைகள் வருகின்றன, போகின்றன. அவசரமே இல்லை. ஒரு கை தள்ள மறந்ததை எதிர்க்கை தள்ளுகிறது. யார் கை என்று அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. இது சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டே தள்ளுகிறவள், இப்போது எங்கேயோ வீட்டு வேலைக்குப் போகிறாளாம். இது மூட்டு வலிக்காரி, இரண்டு தள்ளுக்கு ஒரு தரம் கையை உதறுவாள். அதோ குண்டூசி, கொத்துகிற மாதிரி. தான் பதினேழு வருஷம் நின்ற இடத்தை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. இந்தக் கைகளையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஆட்களை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

"இதோ, இங்க நிறுத்துங்க," என்றார் நன்றி சார். "நல்ல பிஸ்கட். கட்டை விரலை வச்சு அழுத்தறாங்க பாருங்க. இது யார் கை?"

"நான்தான் சார்."

"சரி. இது?"

"அதுவும் நான்தான்."

"அம்மா, இது எதிர்ப்பக்கத்துல இருந்து வருது."

"சில நாள் அந்தப் பக்கம் போய் நிப்பேன் சார்."

கேமராப் பொண்ணு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். நன்றி சார் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இந்தக் கை?"

"நான்."

"இது வலது கை!"

"நான் ரெண்டு கையாலயும் திருடுவேன் சார்."

"விளையாடறீங்களா? இங்க ஒரே நேரத்துல ஒம்பது கை இருக்கு!"

"பதினேழு வருஷம் சார். அத்தனை வருஷம் நின்னா முளைக்காதா?"

கேமராப் பொண்ணு மறுபடி குனிந்துகொண்டாள். "சார், கையுறை போட்டிருக்கறதால இதை வச்சு யாருன்னு என்னால நிரூபிக்க முடியாது," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "இவங்க சொல்றதைத்தான் எடுத்துக்கணும்."

"என்ன பண்றீங்கன்னு புரியுதா?" நன்றி சார் குரலைத் தாழ்த்தினார். "வேலை போகும். உங்க பணமும் போகும்."

"ஹெட் ஆபீஸுக்கு ஒரு பேர் போதும்னு நீங்கதானே சொன்னீங்க. குடுத்துட்டேன். அந்த எட்டுப் பேர் பணத்தை இனி எதைச் சொல்லி நிறுத்துவீங்க?"

அவள் டைப் அடித்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். நல்ல பிஸ்கட்டை உடைத்தது நான், நான் மட்டும்தான். கீழே கையெழுத்துப் போட்டாள்.

நன்றி சார் அதை இரண்டு தரம் படித்தார். மடித்து உள்ளே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முற்றிலும் வேறு குரலில் பேசினார்.

"இன்னொரு விஷயம்மா. அந்த மெஷினைத் திரும்பச் சரிபண்ணணும். எது நல்லது எது கெட்டதுன்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு மாசம் உக்காந்து காட்டிக் கொடுத்தா போதுமாம். மிச்சமிருக்கற மூணு பேருக்கும் உங்க அளவுக்குக் கை வராது. தினக்கூலி தரோம். நாளைல இருந்து வரீங்களா?"

அவளுக்கு முதலில் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. புரிந்ததும் சிரித்தாள். முகமூடி இல்லாமல், பல் தெரிய, அந்த அறை பார்த்தேயிராத சிரிப்பு.

"சார், இது திருட்டுக் கைன்னு இப்பத்தான் எழுதி வாங்கி உள்ள வச்சீங்க. மை காயறதுக்குள்ள அதே கையைப் பாடம் எடுக்கக் கூப்பிடறீங்களே."

"அது வேற, இது வேறம்மா."

"எனக்கு ஒரே கைதான் சார்," என்றாள்.

கேட்டுக்கு வெளியே வெயில் பொளந்தது. புருஷன் பைக்கில் காலூன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. முதுகுப் பெட்டியில் யாருடைய மதியச் சாப்பாடோ இருந்தது; ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று போன் கேட்டது.

"என்ன ஆச்சு?"

சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அவர் உடனே கருத்து எதுவும் சொல்லாதது அந்தக் குடும்ப வரலாற்றில் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஹாண்டில் பாரைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தில்.

"நான்தான் எழுதிக் கொடுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"எழுதாததும் நல்லதுதான்."

"இப்பச் சொல்லுங்க."

போன் மறுபடி கத்தியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அட, சும்மா இரு! இன்னிக்கு எவன் சோறும் போகாது. பட்டினி கிடக்கட்டும். எல்லாப் பயலும் மெஷினை அமுக்கினா சோறு வரும்னு நினைச்சுட்டு உக்காந்திருக்கான். ஸ்டார் குறைச்சாக் குறைக்கட்டும். ஏறு, வீட்டுக்குப் போலாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பெட்டி இடித்தது. அதை அவர் முதுகிலிருந்து கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடிப்பக்கம் இன்னும் சுட்டது.

"வீட்டுக்கு வேணாம்," என்றாள். "முதல்ல இதைக் கொடுத்துட்டுப் போலாம். பசியோட உக்காந்திருக்கறவங்க மேல நமக்கு என்ன கோபம்? வேகமாப் போங்க, ஆறிடப் போகுது."